ஓரத்தில் ஒரு ‘பி’

புதன்கிழமை எனக்குப் பேருந்து இல்லை.
ஞாயிறு ஓட்டியதற்கு ஈடாக விடுப்பு.
ரெட்ரூத் ஆவணக் காப்பகத்தில்
பேனாவை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள்.
பென்சிலோடு உள்ளே போவேன்,
செத்தவர்களைப் பிரித்து அடுக்க.

நான்கெர்விஸ் வீட்டாருக்குப்
பெயர்ப் பஞ்சம்.
தகரம் தோண்டிய குழியில் செம்பும் கிடைத்தது,
புதுப்பெயர் ஒன்று கிடைக்கவில்லை.
ஆணென்றால் ஹானிபல்.
பெண்ணென்றால் லவ்டே.
வழக்காடியவர்கள் சமாதானம் பேசும் நாளில்
பிறந்தவளுக்கு வைக்கும் பெயராம் அது.
இவர்கள் எல்லா நாளும் வைத்தார்கள்.
ஒரு லவ்டே அம்மைகண்டு போனால்
தொட்டில் ஆறுமுன்னே அடுத்தவளுக்கும் அதே,
கிண்ணத்தைக் கழுவி
மறுபடி கஞ்சி ஊற்றுவதுபோல்.

1788, மார்ச்.
ஒன்பதாம் தேதி, லவ்டே நான்கெர்விஸ், அடக்கம்.
பதினான்காம் தேதி, லவ்டே நான்கெர்விஸ், அடக்கம்.
வயது இல்லை.
யார் மகள் என்பதும் இல்லை.
உதவி குருவுக்கு விரல் விறைத்திருக்கும்;
கடைசி எழுத்தின் வால்
தாளின் விளிம்புவரை ஓடுகிறது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
அண்ணன் மகள் ஒரு லவ்டே, தம்பி மகள் ஒரு லவ்டே.
இருவரில் ஒருத்தி மணமாகாமலே
ஹானிபலைப் பெற்றாள்.
அவன் வழியில் நான்.
எவள்?

இரண்டாவது பெயரின் ஓரத்தில் மட்டும்
சின்னதாய் ஒரு ‘பி’.
அந்த ஆண்டுகளில் புதைக்கவும் வரி,
தலைக்கு மூன்று பென்ஸ்.
கொடுக்க வக்கில்லாதவர்களுக்கு
இந்த ஒற்றை எழுத்து.
தலையெழுத்து என்றும் சொல்லலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
மூன்று பென்ஸ் கட்டியவளைத்தான் எடுத்துக்கொண்டேன்.
பதினோரு வருடம் அவளே என் மூதாதை.
வம்ச மரம் வரைந்து, சட்டம் போட்டு
அக்கா தாம்சினின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தேன்.
கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டியிருக்கிறாள்.

இந்தப் புதன்
வேறெதையோ கேட்டேன்,
ட்ரெவெல்லா தவறான பெட்டியைக் கொண்டுவந்தார்.
சேகரத்தின் ஏழைநிதிக் கணக்கு, மார்ச் பதினைந்து:
லவ்டே நான்கெர்விஸ் சவப்பெட்டிக்கு ஆறு ஷில்லிங்.
சுமந்தவர்களுக்கு பீர், ஒரு ஷில்லிங்.
தகப்பன் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை.
பையன் ஹானிபலுக்கு ஒரு ஜோடிக் காலணி.
அவனை போஸ்வின் பண்ணையில்
வேலைக்குக் கட்டிவிட்டது.

போஸ்வின் பண்ணை.
என் ஹானிபலின் கல்யாணப் பதிவில்
வசிப்பிடம் அதுதான்.
கையெழுத்துக்குப் பதில்
ஒரு பெருக்கல் குறி.

அப்படியானால் ஒன்பதாம் தேதிக்காரி?
ஞானஸ்நான ஏட்டை மறுபடி கேட்டேன்.
ஜனவரி இருபது, ஒரு லவ்டே.
முன்பே பார்த்த வரிதான்.
வளர்ந்திருப்பாள் என்று
பக்கத்தைப் புரட்டியிருந்தேன்.
ஏழு வாரக் குழந்தை.
வாரமெண்ணிப் பார்க்காமல்
பதினோரு வருடம் அவளை
ஒரு மகனுக்குத் தாயாக்கி வைத்திருந்தேன்.
அந்த மூன்று பென்ஸை அவள் அப்பன்
எந்தப் பையிலிருந்து எடுத்தானோ.

வாசலுக்கு வந்து அக்காவை அழைத்தேன்.
“சட்டத்தைக் கழற்று.”
“ஏன், நாம ஏழையா?”
“ஆமா.”
“இதுக்கா பதினோரு வருஷம்?”

தம்பி மகளுக்குத்தான் அந்த ‘பி’;
அவள் அப்பன் பெயர்
சவப்பெட்டி வரியின் கீழே இருக்கிறது.
அண்ணன் மகளுக்கோ
எந்த ஏட்டிலும் அடக்கம் இல்லை.
மணமுடித்துப் பெயர் மாறியிருக்கலாம்,
கப்பலேறியிருக்கலாம்.
எனக்கு அவள் இன்னும் சாகவில்லை.

மணி நாலே முக்கால்.
ட்ரெவெல்லா ஏடுகளின் அடியிலிருந்து
பஞ்சுத் தாங்கிகளை உருவிக்கொண்டிருந்தார்.
அவள் பெயரெதிரே ஒரு கேள்விக்குறி போட்டேன்,
பென்சிலில்தான்.
பேனாவைத் திரும்ப வாங்க மறந்து
நிறுத்தம்வரை நடந்துவிட்டேன்.